கூடம் கோணலாக இருந்தாலும் சரி

(உலக நாடக நாளையொட்டி எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் பேசியது. மைக் நின்றுபோன இரண்டு இடங்களைத் தவிர மற்றதெல்லாம் பேசியபடியே.)

கூட்டத் தலைவர், எங்கள் தலைமுறைக்கே ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே. முன்னிலை வகிக்கும் நூலகர் அம்மா அவர்களே. மாணவ மாணவிகளைக் கையோடு அழைத்து வந்திருக்கும் கல்லூரிப் பேராசிரியர் அவர்களே. வர்த்தகர் சங்கத் தலைவர் அண்ணாச்சி அவர்களே, நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியும் பின்னால் கொதிக்கிற டீயும் அவர் உபயம். இன்னும் வந்து சேராத, ஆனால் வீட்டிலிருந்து கிளம்பிவிட்டதாகத் தகவல் வந்திருக்கிற நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே. முன்வரிசையைக் காலியாக விட்டுவிட்டு வழக்கம்போல நாலாவது வரிசையிலிருந்து உட்கார்ந்திருக்கிற நண்பர்களே, வணக்கம்.

தலைமையாசிரியர் ஐயாவைப் பற்றி ஒன்று சொல்லாமல் ஆரம்பித்தால் எனக்குச் சோறு இறங்காது. ஒன்பதாம் வகுப்பு ஆண்டு விழாவில் எனக்குப் பெண் வேஷம் போட்டு மேடையில் ஏற்றியவர் அவர்தான். நடுவில் வசனம் மறந்துபோய்விட்டது. இறங்கி வந்து, "பலகை ஆடுது சார், அதனாலதான்" என்றேன். ஐயா கோபப்படவில்லை. "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று மட்டும் சொன்னார். பள்ளிக்கூடமே சிரித்தது. நாற்பது வருஷமாக அந்தப் பழமொழி என்னை விடவில்லை. இன்றைக்கும் அதைத்தான் மடியில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

இன்று பேச எடுத்துக்கொண்டவர் அன்னா மனஹன். அயர்லாந்தின் மேடை நடிகை, தொலைக்காட்சி நடிகை. மூன்று பகுதியாகப் பேசலாம் என்று குறிப்பு எடுத்திருக்கிறேன். முதலில் மேடை. அப்புறம் தொலைக்காட்சி. மூன்றாவது, அயர்லாந்து நாடகக்காரர்கள் தங்களை ஆண்டவர்களின் ஆங்கிலத்தையே எடுத்துத் தங்கள் வீட்டு மொழியாக எப்படி வளைத்துக்கொண்டார்கள் என்பது. பேராசிரியர் முக்கியமாக அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறார்.

அன்னா மனஹன் 1924-இல் வாட்டர்ஃபோர்டில் பிறந்தவர். அயர்லாந்தின் தென்கிழக்கே இருக்கிற துறைமுக ஊர். கண்ணாடிச் சாமான்களுக்குப் பேர்போனது. அங்கிருந்து டப்ளினுக்குப் போய் கெயிட்டி நடிப்புப் பள்ளியில் ரியா மூனி என்ற அம்மையாரிடம் நடிப்புக் கற்றார். இந்த ரியா மூனி யார் தெரியுமா? 1926-இல் அபே அரங்கில் ஷான் ஓகேஸியின் நாடகமொன்றில் விலைமகளாக நடித்தவர். எங்கள் நாட்டில் இப்படிப்பட்ட பெண்ணே கிடையாது, எங்கள் விடுதலை வீரர்களை இழிவுபடுத்திவிட்டீர்கள் என்று கூட்டம் எழுந்து கலாட்டா செய்தது. அந்தக் கலாட்டாவுக்கு நடுவில் நின்று நடித்தவரிடம்தான் நம் அன்னா பாடம் கேட்டார். குருவுக்கு வந்தது சிஷ்யைக்கும் வரும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

1955-இல் காம் ஓகெல்லி என்ற மேடை இயக்குநரைக் கல்யாணம் செய்துகொண்டார். ஹில்டன் எட்வர்ட்ஸ், மிஹால் மக் லீயமோர் என்ற இரண்டு பெரிய நாடகக்காரர்களின் குழு எகிப்துக்குப் போனபோது இவர்களும் போனார்கள். கணவர் நைல் நதியில் குளித்தார். இளம்பிள்ளை வாதம் தொற்றிக்கொண்டது. கல்யாணமாகிப் பத்தே மாதம், மனிதர் போய்விட்டார். அன்னா பிறகு மறுமணம் செய்துகொள்ளவே இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்துச் சொல்லப்போகிற கதைக்கு வேண்டும்.

டப்ளினில் ஹெர்பர்ட் லேன் என்று ஒரு சந்து. பெரிய வீடுகளின் பின்பக்கம், குதிரை வண்டி நிறுத்துகிற கொட்டகைகள் இருந்த இடம். அதில் ஒரு கொட்டகையை ஆலன் சிம்ப்சனும் அவர் மனைவி கேரலின் ஸ்விஃப்டும் நாடக அரங்காக மாற்றி 1953-இல் திறந்தார்கள். சிம்ப்சன் ராணுவத்தில் கேப்டன். பகலில் ராணுவம், ராத்திரி நாடகம். அரங்கத்துக்கு வைத்த பெயர் பைக். நீங்கள் நினைக்கிற மோட்டார் பைக் இல்லை. 1798 கிளர்ச்சியில் அயர்லாந்து விவசாயிகள் கையிலெடுத்த நீண்ட ஈட்டிக்கு அந்தப் பெயர். தூங்குகிற நாடக உலகத்தை எட்டிக் குத்தி எழுப்புவதுதான் அவர்கள் எண்ணம்.

அந்த அரங்கில் எத்தனை இருக்கை என்று நினைக்கிறீர்கள்? ஐந்நூறா? இருநூறா? 55! அண்ணாச்சி இன்றைக்கு அனுப்பிய நாற்காலியே அதைவிட அதிகம். அந்த 55 நாற்காலிக் கொட்டகையில்தான் 1954-இல் பிரெண்டன் பீஹனின் முதல் பெரிய நாடகம் மேடையேறியது. அடுத்த வருஷம் சாமுவேல் பெக்கெட்டின் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' அயர்லாந்தில் முதன்முதலாக அரங்கேறியதும் அங்கேதான். பெரிய அரங்குகளெல்லாம் டப்ளினில் இருக்கத்தான் இருந்தன.

1957 மே மாதம். டப்ளினில் முதன்முதலாக உலக நாடக விழா நடக்கிறது. பைக் அரங்கம் அமெரிக்கர் டென்னஸி வில்லியம்ஸின் 'தி ரோஸ் டாட்டூ'வை எடுத்துக்கொண்டது. ரோஜாப்பூவைப் பச்சை குத்திக்கொண்ட ஒரு லாரிக்காரன், அவன் செத்தபின் அஸ்தியை வீட்டிலேயே வைத்துக்கொண்டு மூன்று வருஷமாக வெளியே வராமல் கிடக்கிற மனைவி செராஃபினா. அந்த செராஃபினாதான் அன்னா மனஹன். முப்பத்திரண்டு வயது. கணவரை இழந்து அதிக காலம் ஆகவில்லை. மேடையில் விதவை, வீட்டுக்குப் போனாலும் விதவை.

நாடகம் நன்றாக ஓடியது. பத்திரிகைகள் பாராட்டின. ஒன்பது நாள் போனது. அப்புறம் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்து நின்றார்.

என்ன குற்றம்? நாடகத்தில் ஒரு கட்டம். செராஃபினாவைத் தேடி வருகிற ஒருவனின் சட்டைப்பையிலிருந்து ஒரு பொருள் கீழே விழுகிறது. அவளுக்குக் கோபம் வந்து அவனைத் துரத்துகிறாள். அந்தப் பொருள்... பெரியவர்கள் இருக்கிற சபை, கல்லூரிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். சரி, நம் ஊர்ச் சுவர்களிலேயே அரசாங்கம் விளம்பரம் எழுதிய பொருள்தான். ஆணுறை. அயர்லாந்தில் அதை விற்பதும் இறக்குமதி செய்வதும் 1935-இலிருந்து சட்டப்படி குற்றம். கடையில் கிடைக்காது. கிடைத்தாலும் மேடையில் காட்ட முடியாது. அதனால் சிம்ப்சன் என்ன செய்தார்? நடிகர் எதையுமே கீழே போடவில்லை. போட்டதுபோல் பாவனை, அவ்வளவுதான். கை போனது, விரல் திறந்தது, எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். தரையில் ஒன்றும் இல்லை.

இல்லாத பொருளைப் போலீஸ் பார்த்துவிட்டது! அந்த நடிகருக்கு இதைவிடப் பெரிய விமரிசனம் எந்தப் பத்திரிகையிலாவது வருமா, நீங்களே சொல்லுங்கள்.

இன்னொரு வேடிக்கை. அயர்லாந்தில் புத்தகத்துக்குத் தணிக்கை உண்டு, சினிமாவுக்குத் தணிக்கை உண்டு. நாடகத்துக்குத் தணிக்கைச் சட்டமே கிடையாது. ஆகையால் "ஆதாயத்துக்காக ஆபாசமும் தெய்வ நிந்தையுமான நிகழ்ச்சியை நடத்தியது" என்று ஒரு குற்றச்சாட்டைத் தேடிப் பிடித்தார்கள். ஆதாயமாம்! 55 நாற்காலியில்! அண்ணாச்சி, நீங்கள் வியாபாரம் தெரிந்தவர், நீங்களே சிரிக்கிறீர்கள். காட்சியை எடுக்கச் சொன்னார்கள். சிம்ப்சன் மறுத்தார். மே 23-ஆம் தேதி அரங்க வாசலிலேயே கைது. ராத்திரி முழுக்க லாக்கப். நடிகர்களையும் பிடிப்போம் என்று மிரட்டல்.

இப்போது அன்னாவின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். இயக்குநர் உள்ளே. சந்து முழுக்கக் கூட்டம், பத்திரிகைக்காரர்கள், பீஹன் ஆட்களோடு ஆதரவுக் கூச்சல், சீருடைக்காரர்கள். பிடிபட்டால் கத்தோலிக்க ஊரில் ஆபாச நாடகக்காரி என்ற பட்டம் ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும். நாளைக்கு யார் வேஷம் கொடுப்பார்கள்? முக்கியப் பாத்திரம் அவர்தான், அவர் வரவில்லை என்றால் நாடகம் இல்லை. உடம்பு சரியில்லை என்று ஒரு சீட்டு அனுப்பியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் போனார், நடித்தார். எல்லாருமே நடித்தார்கள். பார்க்க வந்தவர்களும் உட்கார்ந்து பார்த்தார்கள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஐயா, இந்த அம்மாள் கூடத்தைச் சுற்றிப் போலீஸ் நிற்கும்போதுகூடக் கோணல் என்று சொல்லவில்லை.

வழக்கு ஒரு வருஷம் இழுத்தது. 1958-இல் மாவட்ட நீதிபதி, இதை விசாரணைக்கு அனுப்பவே முகாந்திரம் இல்லை என்று தள்ளிவிட்டார். ஜெயித்தாகிவிட்டது. ஆனால் வக்கீல் செலவில் பைக் அரங்கம் காலியானது. சிம்ப்சன், ஸ்விஃப்ட் தம்பதியின் வாழ்க்கையும் பிறகு பிரிந்துபோனது. அந்த அரங்கம் மறுபடி தலைநிமிரவில்லை. சட்டம் தோற்றும் கூடம் செத்தது. இந்த வரியை நீங்கள் மறந்தாலும் நான் மறக்கமாட்டேன்.

நமக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? எம்.ஆர். ராதாவை மேடையிலிருந்து இறக்குவதற்கென்றே 1954-இல் சென்னை மாகாணத்தில் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் வந்தது. எழுத்துப் பிரதியைப் போலீஸிடம் கொடுத்து அனுமதி வாங்கவேண்டும். எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013 ஜனவரியில்தான் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. ஐம்பத்தெட்டு வருஷம் கழித்து! இன்று பிரதியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு அலையவேண்டாம். ஆனால் எங்கே போய்ப் போடுவது? போன வருஷம் எங்கள் குழு ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் நாடகம் போட்டது. கீழே வளைகாப்பு. சாவு வீட்டுக் காட்சியில் எங்கள் நடிகை அழ ஆரம்பித்தபோது கீழே கீபோர்டில் குத்துப்பாட்டு. பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் அழுதார்கள், பாதிப்பேர் தாளம் போட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு ஆடத் தெரியும் ஐயா. கூடம்தான் இல்லை.

(இந்த இடத்தில் நகர்மன்றத் தலைவர் வந்தார்.)

வாங்கம்மா, வணக்கம். சரியான நேரத்தில் வந்திருக்கிறீர்கள். தண்ணீர்க் குழாய் வேலை பார்வையிடப் போய்விட்டு நேரே இங்கே வந்திருக்கிறார்கள். கை தட்டுங்கள். நூலகர் அம்மா பொன்னாடை போர்த்துகிறார்கள். அண்ணாச்சி ஒரு பொன்னாடை. பேராசிரியர் புத்தகம் கொடுக்கிறார், அது நல்லது. போட்டோவுக்கு ஒரு நிமிஷம் எல்லாரும் இந்தப் பக்கம். சரி. அம்மா வந்ததால் மேடைப் பகுதியில் மிச்சத்தைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, தொலைக்காட்சிக்குப் போகிறேன். அந்தக் கடைசிக் கட்டம் அம்மாவுக்காகவே வைத்தது.

1968-இல் பிபிசியில் 'மீ மேமி' என்று ஒரு நகைச்சுவைத் தொடர் ஆரம்பித்தது. எழுதியவர் ஹ்யூ லெனார்ட். லண்டனில் நல்ல வேலையில் இருக்கிற அயர்லாந்துக்காரன், அவனை முந்தானையில் முடிந்துவைத்திருக்கிற பக்திமான் அம்மா. மகனாக நடித்தவர் மைலோ ஓஷே. அம்மாவாக அன்னா. மகனுக்கும் அம்மாவுக்கும் வயது வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய இரண்டு! இவர் 1924, அவர் 1926. நாற்பது தாண்டிய நடிகையைக் கண்டால் தலையில் வெள்ளையடித்து அம்மாவாக்கிவிடுகிற வழக்கம் நம் சீரியல்காரர்கள் கண்டுபிடித்ததில்லை. ஆனால் அன்னா அதைக் குறையாகச் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. அந்த அம்மாவை லண்டனே அடையாளம் கண்டுகொள்ளும்படி ஆக்கினார்.

எண்பதுகளில் 'தி ஐரிஷ் ஆர்.எம்.' தொடரில் சமையல்கார அம்மாள். பிறகு அயர்லாந்து அரசுத் தொலைக்காட்சியில் பாதிரியார்கள் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மிஸஸ் ஓபிரையன். அந்தத் தொடரை விமரிசகர்கள் கிழித்துத் தோரணம் கட்டினார்கள், அதையும் மறைக்கவேண்டாம். முதுமையில் 'ஃபேர் சிட்டி' என்கிற நெடுந்தொடரிலும் வந்தார். சினிமாவில் ஒரு தடவை, 1981-இல் வந்த 'கிளாஷ் ஆஃப் தி டைட்டன்ஸ்' படத்தில், மூன்று சூனியக்காரிகளில் ஒருத்தி. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே கண்! கல்லூரிப் பிள்ளைகள் அந்தக் காட்சியை இணையத்தில் தேடிப் பாருங்கள். தொலைக்காட்சி பற்றி இன்னும் இருக்கிறது, ஆனால் கடிகாரம் என்னைப் பார்க்கிறது.

மேடைக்கு வருகிறேன். 1967-இல் பிரையன் ஃப்ரீல் 'லவர்ஸ்' என்ற நாடகம் எழுதினார். அதன் இரண்டாம் பாதியில் ஹானா என்று ஒரு நடுவயதுப் பெண். மாடியில் படுத்த படுக்கையாக அம்மா. கையில் ஒரு மணி. கீழே ஹானாவும் அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவனும் பேசிக்கொண்டிருந்தால் கிழவிக்குக் கவலையில்லை. சத்தம் நின்றால்தான் சந்தேகம் வந்து மணியடிப்பாள். ஆகையால் அவன் கட்டியணைத்தபடியே சத்தமாக ஒரு பழைய கவிதையை ஒப்பிப்பான். அந்த ஹானாவாக அன்னா டப்ளினில் நடித்து, பிறகு நியூயார்க் போய் அங்கே பெரிய நாடக அரங்குகள் இருக்கிற பிராட்வேயில் நடித்து, 1969-இல் அமெரிக்க நாடக உலகின் பெரிய விருதான டோனி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். கிடைக்கவில்லை. திரும்பி வந்தார். அடுத்த முறை பிராட்வேயில் டோனி மேடைக்கு அவர் போக இருபத்தொன்பது வருஷம் ஆனது.

அம்மா, இனி வருவது உங்களுக்கு.

அயர்லாந்தின் மேற்குக் கரையில் கால்வே என்று ஒரு ஊர். அங்கே 1975-இல் கல்லூரி முடித்த பிள்ளைகள் ட்ரூயிட் என்ற குழுவை ஆரம்பித்தார்கள். காரி ஹைன்ஸ், மேரி முல்லன், மிக் லாலி. அவர்களும் சந்துக்குள் ஒரு பழைய கிடங்கைத்தான் அரங்கமாக்கிக்கொண்டார்கள். அதே ஊரில் பழைய டவுன் ஹால் ஒன்று. முதலில் நீதிமன்றமாக இருந்தது, பிறகு சினிமா கொட்டகை. தொண்ணூறுகளில் நகராட்சி அதைப் புதுப்பித்து நாடக அரங்கமாக்கியது. நகராட்சி, அம்மா! 1996 பிப்ரவரி 1-ஆம் தேதி திறப்பு. திறப்பு நாடகத்துக்கு ட்ரூயிட் எடுத்துக்கொண்டது யாருடைய நாடகம்? அதுவரை ஒரு நாடகம்கூட மேடையேறாத இருபத்தைந்து வயது மார்ட்டின் மெக்டோனாவுடையது. 'தி பியூட்டி குயின் ஆஃப் லீனேன்.'

மலைப்பக்கத்து வீடு, ஓயாத மழை. கல்யாணமாகாத நாற்பது வயது மகள், எழுபது வயது அம்மா மேக். கிழவி நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டாள். காம்ப்ளான் கலக்கிக் கொடு என்பாள், கொடுத்தால் கட்டிகட்டியாக இருக்கிறது என்பாள். ஆமாம், நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற அதே காம்ப்ளான்தான். மகளுக்கு வந்த கடைசி நல்வாய்ப்பையும் கிழவி அடுப்பில் போட்டு எரிப்பாள். அப்புறம் நடப்பதைச் சொல்லமாட்டேன். ராத்திரி சாப்பாடு இருக்கிறது உங்களுக்கு.

அந்த மேக், அன்னா மனஹன். மகள், மேரி முல்லன். யோசித்துப் பாருங்கள். 1968-இல் மாடியில் மணியடிக்கிற அம்மாவிடம் மாட்டிக்கொண்ட மகளாக பிராட்வே போனவர், 1998-இல் மகளைச் சிறைவைத்திருக்கிற அம்மாவாக அதே பிராட்வே போகிறார். பெரிய நடிகைகள் பலருக்கு இந்த இரண்டாவது பாதி கிடைப்பதே இல்லை. அன்னாவுக்குக் கிடைத்தது, ஒரு நகராட்சி தன் பழைய கட்டடத்தைப் பூட்டி வைக்காததால். மிகைப்படுத்துகிறேன் என்று பேராசிரியர் பார்க்கிறார். கொஞ்சம் மிகைதான், ஒத்துக்கொள்கிறேன்.

அந்த வருஷம் டோனி விருது நான்கு. இயக்கத்துக்குக் காரி ஹைன்ஸ். நாடக இயக்கத்துக்கு டோனி வாங்கிய முதல் பெண்மணி அவர்தான். சிறந்த நடிகை மேரி முல்லன். துணை நடிகர் டாம் மர்ஃபி. துணை நடிகை அன்னா மனஹன், வயது எழுபத்து மூன்று. சொந்த ஊர் வாட்டர்ஃபோர்டு 2002-இல் நகரின் கௌரவ உரிமை தந்து கொண்டாடியது. எண்பதைத் தாண்டியும் தனக்கென்றே எழுதப்பட்ட ஒரு நாடகத்தில் அக்கா, தங்கை இரண்டு பேராகவும் தனி ஆளாக மேடையேறினார். 2009 மார்ச் 8-ஆம் தேதி, மகளிர் தினத்தன்று, அதே ஊரில் காலமானார்.

நம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பழைய நகராட்சிப் பள்ளிக் கட்டடம் பூட்டிக் கிடக்கிறது. ஓட்டுக் கூரை, தேக்குத் தூண், உள்ளே புறா. நான் அடி போட்டு அளந்துவிட்டேன். அறுபது நாற்காலி தாராளமாகப் போடலாம், பைக்கைவிட ஐந்து அதிகம். எத்தனை மனு கொடுத்தோம் என்று இந்த மேடையில் எண்ணிக்கை சொல்லி யாரையும் சங்கடப்படுத்த விரும்பவில்லை. ஒரு அலுவலகத்தில் கட்டடம் எங்களுடையதில்லை என்றார்கள், இன்னொன்றில் சாவி எங்களிடம் இல்லை என்றார்கள். கூரை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்றும் சொன்னார்கள். இருக்கட்டும் அம்மா. கூடம் கோணலாகவே இருக்கட்டும். எங்களுக்கு ஆடத் தெரிகிறதா இல்லையா என்று அப்புறம் ஐயா சொல்லட்டும்.

தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். மூன்றாவது பகுதி, அந்த மொழி விஷயம், அடுத்த வருஷம். பேராசிரியர் மன்னிக்கவேண்டும். சாவிக்கான கையெழுத்து நோட்டு டீ மேசையில் பஜ்ஜித் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. முதல் பக்கத்தின் முதல் வரியை அம்மாவுக்காகக் காலியாக விட்டிருக்கிறோம். மற்றவர்கள் இரண்டாவது வரியிலிருந்து போடுங்கள், கையைத் துடைத்துவிட்டு. வணக்கம்.